200 குழாய் கேட்ட கணித மேதை

கோவையை அடுத்த போத்தனூரில் 1881-ம் ஆண்டு எதெல் சாரா ஸ்டோனி என்ற பெண் பிறந்தார். தகப்பனார் மதராஸ் ரெயில்வேயில் தலைமை என்ஜினீயராக உயர்ந்தவர்.

இந்த எதெல்தான், கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தின் தந்தை என்று போற்றப்படும் ஆலன் டூரிங்கின் தாயார்.

டூரிங் 1912 ஜூன் 23-ந்தேதி லண்டனில் பிறந்தார். தந்தை ஜூலியஸ் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. பெற்றோர் இங்கே, பிள்ளைகள் அங்கே! ஆலனும் அண்ணனும் வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் வளர்ந்தார்கள்.

கணக்கு அவருக்கு உயிர். 1936-ல் ஒரு கட்டுரையில் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைக் கற்பனை செய்தார். குறித்துவைக்க அதற்கு முடிவே இல்லாத நாடா இருந்தது. கற்பனைதானே, செலவில்லை!

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியச் சங்கேதங்களை உடைக்க உதவினார். 1945 அக்டோபரில், லண்டன் அருகே டெடிங்டனில் உள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சி சாலையில் சேர்ந்தார். நிஜமான கம்ப்யூட்டருக்குத் திட்டம் போடுவது வேலை. இப்போது ஞாபகத்துக்கு விலை வந்துவிட்டது.

பாதரசக் குழாய்

அவர் எடுத்துக்கொண்டது 5 அடி நீளப் பாதரசக் குழாய். ஒரு முனையில் ஒலித் துடிப்பை அனுப்பினால், விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் மறுமுனைக்கு வரும். உடனே அதை மறுபடி முதல் முனைக்கு அனுப்ப வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்தால்தான் ஞாபகம் நிற்கும். ஒரு குழாயில் 1,024 இலக்கங்கள் அடங்கும்.

குழாயை நீட்டினால் இன்னும் கொள்ளும். ஆனால் வேண்டிய எண் வந்துசேரக் காத்திருக்கும் நேரமும் நீளும். ஆகவே எண்ணிக்கையைத்தான் கூட்ட வேண்டும்.

எத்தனை? உடன்குடியில் கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் இந்தச் சங்கடத்தை அறிவார்கள். பாத்திரம் போதாவிட்டால் பதநீர் புளித்துவிடும். கூடிப்போனால் காசு முடங்கும். இன்று கம்ப்யூட்டர் வாங்குகிறவர் ரேம் பலகை ஒன்றா, இரண்டா என்று யோசிப்பதும் இதேதான்.

50 முதல் 500 குழாய் வரை ஆகலாம் என்றார் டூரிங். பிறகு 200 என்று திட்டமிட்டார். மொத்தம் 2 லட்சம் இலக்கங்கள். (இன்றைய 8 ஜி.பி. பலகை ஒன்றில் 6,800 கோடிக்கு மேல்!) இயந்திரத்துக்கு 11,200 பவுன் ஆகும் என்று கணக்குக் கொடுத்தார்.

உறுப்புகளைப் பெருக்குவதைவிட, நீளமான கட்டளைகளை ஞாபகத்தில் வைத்து வேலை வாங்குவதே மேல் என்பது அவர் வாதம். அதற்கு இடம் வேண்டாமா?

வேலை ஆமையாய் நகர்ந்தது. 1947-ல் அவர் கேம்பிரிட்ஜுக்கும், 1948-ல் மான்செஸ்டருக்கும் போய்விட்டார்.

1950 மே 10-ந்தேதி, அவருடைய திட்டத்தின் சிறிய மாதிரி ஓடியது. 32 இலக்க எண்கள் 128 மட்டுமே அதில் அடங்கின. வெறும் 4 குழாய் அளவு! பிறகு 352 எண்களாக, அதாவது 11 குழாய் அளவுக்கு உயர்த்தினார்கள். 200 எங்கே, 11 எங்கே! அப்படியும் அது அந்நாளைய அதிவேக இயந்திரங்களில் ஒன்று.

1952-ல், ஓரினச் சேர்க்கைக்காக டூரிங் அன்றைய சட்டப்படி தண்டிக்கப்பட்டார். 1954 ஜூன் 7-ந்தேதி சயனைடு விஷத்தால் மாண்டார். வயது 41. பிரிட்டிஷ் அரசியின் மன்னிப்பு 2013-ல் வந்தது.

முழு அளவு இயந்திரம் அவர் மறைந்த பிறகே தயாராயிற்று. சிறிய மாதிரி லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது.