அஞ்சா நெஞ்சர் டாமி ஹிட்ச்காக்

போலோ என்பது குதிரை மீது அமர்ந்து, நீண்ட மட்டையால் பந்தை அடித்து ஆடும் விளையாட்டு. ஓர் அணிக்கு நால்வர் களமிறங்குவர். பாய்ந்தோடும் குதிரையின் மீது இருந்தவாறே கண நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். கவனம் சற்றுச் சிதறினாலும் உயிருக்கு ஆபத்து. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இவ்விளையாட்டில் தலைசிறந்து விளங்கியவர் டாமி ஹிட்ச்காக்.

இவர் 1900ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற போலோ ஆட்டக்காரர். தாயாரோ சிறுவர்களுக்குப் போலோ பயிற்றுவித்தவர். அதனால், ஹிட்ச்காக் இளமையிலேயே குதிரையேற்றத்தில் தேர்ச்சி பெற்றார்.

அப்போது முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க விமானப் பிரிவில் சேர இவருக்கு வயது போதவில்லை. எனினும், இவர் மனம் தளரவில்லை. பிரான்சுக்குச் சென்று அந்நாட்டுப் படையில் விமானி ஆனார். 1918ஆம் ஆண்டு மார்ச் மாதம் இவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. காயமுற்ற இவரை ஜெர்மானியர் சிறைப்பிடித்தனர். சில மாதங்களுக்குப் பின்னர், வேறிடத்திற்குக் கொண்டு செல்லப்பட்டபோது இவர் ரயிலிலிருந்து குதித்துத் தப்பினார். பகலில் பதுங்கியும் இரவில் நடந்தும் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் கடந்து சுவிட்சர்லாந்தை அடைந்தார்.

போர் முடிந்தபின் ஹிட்ச்காக் போலோ களத்திற்குத் திரும்பினார். அமெரிக்காவும் இங்கிலாந்தும் மோதும் வெஸ்ட்செஸ்டர் கிண்ணத்தை 1914இல் அமெரிக்கா இழந்திருந்தது. 1921இல் லண்டனில் அதை மீட்ட அணியில் 21 வயது ஹிட்ச்காக்கும் ஒருவர். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், அர்ஜெண்டினாவிடம் 5-6 என்ற கோல் கணக்கில் தோற்ற அமெரிக்க அணி வெள்ளிப் பதக்கம் பெற்றது. போலோவில் ஆட்டக்காரரின் திறனுக்கு வழங்கப்படும் மிக உயர்ந்த தரப்புள்ளி 10 ஆகும். ஹிட்ச்காக் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தத் தரத்தில் நிலைத்திருந்தார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, இம்முறை வயது கடந்துவிட்டதால் போர் விமானியாகும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை. லண்டனில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தில் விமானப்படை அதிகாரியாகப் பணியாற்றினார். மஸ்டாங் என்னும் போர் விமானத்தில் ஆற்றல் மிக்க மெர்லின் இயந்திரத்தைப் பொருத்த வேண்டும் என அமெரிக்க அதிகாரிகளிடம் விடாது வலியுறுத்தினார். அவ்வாறு மேம்படுத்தப்பட்ட விமானம் நெடுந்தூரம் பறந்து, குண்டுவீச்சு விமானங்களுக்குப் பாதுகாப்பாகச் சென்றது. அதனால் விமானிகள் பலர் உயிர் தப்பினர்.

பின்னர், மஸ்டாங் விமானங்கள் சில விபத்துக்குள்ளாயின. அதற்கான காரணத்தைக் கண்டறியும் பொறுப்பை ஏற்ற ஹிட்ச்காக், பிறரை அனுப்பாமல் தாமே விமானத்தை ஓட்டிச் சோதித்தார். 1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இங்கிலாந்தின் சாலிஸ்பரி அருகே, செங்குத்தாகக் கீழிறங்கிய விமானம் மீண்டும் மேலெழவில்லை. ஹிட்ச்காக் உயிர் துறந்தார்.

செல்வமும் புகழும் பெற்றிருந்த இவர், நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால், பிறர் உயிரைக் காக்கும் பணியில் தம் உயிரையே பணயம் வைத்தார். வென்ற கிண்ணங்களைவிட இந்தத் துணிவே இவரை உயர்த்திக் காட்டுகிறது.