காசிநாதுனி நாகேசுவரராவ்

காசிநாதுனி நாகேசுவரராவ் (மே 1, 1867 - ஏப்ரல் 11, 1938) அமிர்தாஞ்சன் தலைவலித் தைலத்தை உருவாக்கிய தொழில் முனைவோரும், இதழாளரும், இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். நாகேசுவரராவ் பந்துலு என்றும் அழைக்கப்பட்டார். சிறு மருந்து வணிகமொன்றை நாடறிந்த வணிகச்சின்னமாக வளர்த்து, அதன் வருவாயைக் கொண்டு இதழ்களையும் நூல்களையும் வெளியிட்டார்.

பிறப்பும் கல்வியும்

இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்தார். மசூலிப்பட்டினத்தில் பள்ளிக் கல்வி பெற்றபின், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று 1891 இல் பட்டம் பெற்றார். இக்கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இயங்கி வந்தது; 1937 இல்தான் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது.

அமிர்தாஞ்சன்

கல்கத்தாவில் மருந்து வணிகத்தில் சிலகாலம் பணியாற்றிய நாகேசுவரராவ், பின்னர் பம்பாய் சென்று ஐரோப்பிய நிறுவனமொன்றில் வேலை பார்த்தார். சொந்தத் தொழில் செய்யும் விருப்பத்தால் 1893 இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலத்தை அறிமுகப்படுத்தினார். அமிர்தம், அஞ்சனம் (பூசும் மை) ஆகிய இரு சொற்களும் இணைந்தது இப்பெயர்.

புதிய மருந்தை மக்கள் உடனே நம்பி வாங்கவில்லை. எனவே இசைக் கச்சேரிகளுக்கு வருவோரிடம் தைலத்தை இலவசமாக வழங்கினார். பூசிப் பார்த்துப் பயன் உணர்ந்தவர்கள் பின்னர் விலை கொடுத்து வாங்கினர். மஞ்சள் நிறமும் காரமான மணமும் இதன் அடையாளங்களாயின. இத்தைலமே அவரைச் செல்வந்தராக்கியது.

இதழ்ப் பணி

1907 இல் நடைபெற்ற சூரத் காங்கிரசு மாநாட்டில் கலந்துகொண்டபின், விடுதலைக் கருத்துகளைத் தெலுங்கு மக்களிடம் கொண்டுசெல்ல ஓர் இதழ் தேவை என உணர்ந்தார். 1908 இல் ஆந்திர பத்திரிகா வார இதழைப் பம்பாயிலிருந்து தொடங்கினார். தெலுங்கு வாசகர்களுக்கு அருகில் இருக்கும்பொருட்டு 1914 இல் இதழைச் சென்னைக்கு மாற்றி நாளிதழாக்கினார். தொடர்ந்து, 1924 இல் பாரதி என்னும் இலக்கிய மாத இதழையும், 1926 இல் ஆந்திர கிரந்தமாலா பதிப்பகத்தையும் தொடங்கினார். இப்பணிகளுக்குத் தைலத்தின் வருவாய் துணைநின்றது.

அரசியல்

ஆந்திர மாகாணக் காங்கிரசுக் குழுவின் தலைவராகப் பணியாற்றினார். உப்புச் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். மக்கள் இவருக்குத் தேசோத்தாரக என்னும் பட்டம் அளித்தனர். கடற்கரை ஆந்திரத் தலைவர்களுக்கும் இராயலசீமைத் தலைவர்களுக்கும் இடையிலான ஸ்ரீபாக் உடன்படிக்கை, நவம்பர் 16, 1937 அன்று சென்னையில் இவரது ஸ்ரீபாக் இல்லத்தில் ஏற்பட்டது. தனி ஆந்திர மாநிலக் கோரிக்கை வரலாற்றில் இது முக்கியமானது.

இறுதிக் காலமும் நினைவும்

1914 இல் அமிர்தாஞ்சனின் தலைமையகம் சென்னைக்கு மாற்றப்பட்டது. ஒருவரின் வணிகமாக இருந்தது 1936 இல் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவு பெற்றது. இரண்டு ஆண்டுகளில் நாகேசுவரராவ் காலமானார். அவருக்குப் பின் மருமகன் சிவலெங்க சம்பு பிரசாத் நிறுவனத்தையும் இதழ்களையும் நடத்தினார்.

ஆந்திர பத்திரிகா 1991 இல் நின்றுவிட்டது. அமிர்தாஞ்சன் தைலம் இன்றும் விற்பனையில் உள்ளது. சென்னை மயிலாப்பூர் லஸ் பகுதியில் உள்ள நாகேசுவரராவ் பூங்கா இவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.