ரோட்டோர மரத்தடியில் வைத்தியம் பார்த்த பெரிய டாக்டரம்மா!

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தெரியாதவர் உண்டா? அதை உருவாக்கியவர் டாக்டர் ஐடா ஸ்கடர். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா, அமெரிக்க மிஷன் டாக்டர்.

மூன்று சாவு

ஐடா இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்த சமயம். ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவ வேதனை. ஆம்பிளை டாக்டர் வேண்டாம் என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். ஐடாவோ அப்போது டாக்டர் இல்லை. காலையில் மூன்று சாவுச் செய்தி!

அந்த ராத்திரிதான் அவரை டாக்டருக்குப் படிக்க வைத்தது. அமெரிக்காவில் படிப்பை முடித்து 1900-ல் வேலூர் வந்தார். 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. இரண்டுக்கும் அவரே தலைவி.

குடியாத்தம் ரோட்டில்...

பெரிய பதவி வந்தால் பைலும் கையெழுத்துமாக உட்கார்ந்துவிடுவார்கள். நோயாளி முகமே மறந்துபோகும். இந்த அம்மா அப்படியில்லை. வாரம் ஒருநாள் குடியாத்தம் ரோட்டில் கிளம்பிவிடுவார். முதலில் மாட்டு வண்டி, அப்புறம் மோட்டார். மரத்தடியில் ஜனங்கள் காத்துக்கிட்டு இருப்பார்கள். புண்ணுக்குக் கட்டு, காய்ச்சலுக்கு மருந்து எல்லாம் அங்கேயே. முடியாத கேஸ் வேலூருக்கு. கூடவே மாணவிகளும் போய்த் தொழில் கற்றார்கள்.

ஆபீஸ் அறையில் இருப்பவருக்கு, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்குதான் தெரியும். வராதவர் யார், ஏன் வரவில்லை என்பது ரோட்டில் இறங்கினால்தான் தெரியும். திண்டிவனத்தில் செத்த மூவரும் வராதவர்கள்தானே!

1960-ல் கொடைக்கானலில் 89 வயதில் ஐடா காலமானார்.