இராமனும் இரத்தினங்களும்

சர் சி. வி. இராமன் என்றதும் நம் மாணவர்க்கு நினைவில் எழுவன இரண்டே: 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28, 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு. பாடநூல்கள் அத்துடன் அவரை விட்டுவிடுகின்றன. அதன்பின் நாற்பது ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். முத்தையும் சிப்பியையும் மணிக்கற்களையும் கையிலெடுத்து உற்று நோக்கிய அந்தப் பிற்கால இராமனிடமே எனக்கு ஈடுபாடு அதிகம்.

1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907இல் கல்கத்தாவில் சர்க்கார் நிதி இலாகா உத்தியோகத்தில் அமர்ந்தார். ஓய்வு நேரமெல்லாம் ஆராய்ச்சிக்கே. 1917இல் அவ்வேலையை உதறிவிட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர். பூசல் மூண்டு 1937இல் அப்பதவியை விட்டு, பேராசிரியராக மட்டும் நீடித்தார். பூசலில் அவர் பங்கும் இல்லாமலில்லை. விட்டுக்கொடுக்கும் சுபாவம் அவருக்குக் கிடையாது.

இயக்குநராக இருந்தபோதே, 1935இல், வண்ணம் காட்டும் சிப்பிகளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டார். கேள்வி எளியது. சுண்ணாம்புக் கல்லும் முத்தும் பெரும்பாலும் ஒரே பொருளாலானவை: கால்சியம் கார்பனேட். ஒன்று மங்கிக் கிடக்க, மற்றொன்று மின்னுவானேன்? விடை அடுக்கில் இருக்கிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லிய தகடுகளை, ஒரு பசைப்பொருளால் ஒட்டி ஒட்டி, மேலே மேலே அடுக்குகிறது சிப்பிப் பூச்சி. தகடுதோறும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கலந்து, சில நிறங்கள் ஓங்கவும் சில அடங்கவும் செய்கின்றன. அங்கே சாயம் எதுவும் வேண்டியதில்லை!

1948இல் ஓய்வு பெற்றதும், மைசூர் மகாராஜா அளித்திருந்த நிலத்தில் எழுந்த தம் சொந்த ஆராய்ச்சி நிலையத்தில் புகுந்தார். வயது அறுபது. மாணவர் சிலரே, கருவிகளும் சிலவே. ஆனால் ஒளியும் கண்ணும் இருந்தால் ஒரு கல்லைக் கேள்வி கேட்கலாமல்லவா? 1950இல் இளைஞர் ஜெயராமன் முதலியோருடன் இலங்கைச் சந்திரகாந்தக் கல்லின் நீல ஒளியை ஆராய்ந்தார். 1954இல் கிருஷ்ணமூர்த்தியுடன் மீண்டும் முத்துக்கே வந்தார். மேற்பரப்பில் பளிச்சிடும் ஒளி, அடுக்குகளிலிருந்து திரும்பும் வண்ண ஒளி, உள்ளே புகுந்து சிதறி வெளிவரும் மெல்லொளி ஆகியவை சேர்ந்ததே முத்தின் அழகு என்று பிரித்துக் காட்டினார். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி முத்தில் தெரியும் வண்ண வளையத்தையும் விளக்கினார்.

எல்லாக் கல்லும் அவருக்கு வசப்படவில்லை. வைரங்களில் காணும் வேறுபாடுகளுக்கு அவற்றின் அணுக்கட்டமைப்பே நால்வகைப்பட்டிருப்பது காரணம் என்று வாதாடினார். அவ்வேறுபாடுகளில் முக்கியமானதற்குக் காரணம் நைட்ரஜன் கலப்பே என்று 1959இல் வெளிநாட்டு ஆய்வாளர் காட்டினர். வைரப் படிகத்தின் அதிர்வுகளைப் பற்றி மாக்ஸ் பார்னுடன் நடத்திய நெடும் வாதத்திலும் வெற்றி பார்னுக்கே. ஓபல் கல்லும் அடுக்குகளாலானது என்றே கருதினார். 1964இல் ஆஸ்திரேலியர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, வரிசையாய் அடைந்து கிடந்த நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் தெரிந்தன. சிப்பியில் அடுக்கைக் கண்ட கண் ஓபலிலும் அதையே எதிர்பார்த்தது போலும் என்பது என் ஊகம்.

1970 நவம்பர் 21ஆம் நாள் பெங்களூரில் காலமானார். அவர் சேர்த்த கற்களும் சிப்பிகளும் அந்நிலையத்தின் காட்சிச்சாலையில் இருக்கின்றன. பெங்களூர் செல்லும் நண்பர்கள் முன்னதாக எழுதி அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.