யார் இந்த ருடால்ஃப் ஷுல்டன்? அணு உலைச் சூட்டில் ஹைட்ரஜன் எடுக்கக் கனவு கண்ட ஜெர்மானியர்!

பச்சை ஹைட்ரஜன், நீல ஹைட்ரஜன் என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. அணு உலையின் வெப்பத்தை வைத்து ஹைட்ரஜன் தயாரிக்கும் திட்டமும் அந்த வரிசையில் ஒன்று. புதுசு மாதிரி தெரிந்தாலும், இதற்கு ஏற்ற உலையை அரை நூற்றாண்டுக்கு முன்பே கட்டிக் காட்டியவர் ருடால்ஃப் ஷுல்டன் என்ற ஜெர்மன் இயற்பியலாளர்.

1923 ஆகஸ்ட் 16-ல், நெதர்லாந்து எல்லையை ஒட்டிய ஓடிங் என்ற சிற்றூரில் பிறந்தார். போருக்குப் பிறகு பான் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார். 1952-ல் கோட்டிங்கனில் வெர்னர் ஹைசன்பர்க்கிடம் டாக்டர் பட்டம் வாங்கினார். குவாண்டம் இயற்பியலின் பெரிய தலையிடம் படித்தவர், அப்படியே கோட்பாட்டுப் பக்கம் போயிருக்கலாம். ஷுல்டன் போனதோ தொழிற்சாலைப் பக்கம். 1955 வரை மேற்கு ஜெர்மனியில் அணு உலை கட்டவே அனுமதி கிடையாது. தடை நீங்கிய அடுத்த வருஷமே மான்ஹைம் நகரின் பிரவுன் போவரி நிறுவனத்தில் உலை வடிவமைப்பில் இறங்கிவிட்டார்.

உருண்டைகளால் ஒரு உலை

ஷுல்டனின் உலையில் எரிபொருள் கம்பிகள் கிடையாது. 6 செ.மீ. விட்டமுள்ள கிராஃபைட் உருண்டைகள்தான், கிட்டத்தட்ட டென்னிஸ் பந்து அளவு. ஒவ்வொன்றுக்கு உள்ளேயும் மேற்பூச்சு போட்ட ஆயிரக்கணக்கான எரிபொருள் துகள்கள். நெல் குதிர் மாதிரி மேலே போட்டுக்கொண்டே, கீழே எடுத்துக்கொண்டே இருக்கலாம். உலையை நிறுத்தவே வேண்டாம். உருண்டை யோசனை முதலில் அமெரிக்காவின் ஃபாரிங்டன் டேனியல்ஸுக்கு வந்ததுதான். ஆனால் அதை ஓடுகிற இயந்திரமாக மாற்றியவர் ஷுல்டன்.

குளிர்விக்கத் தண்ணீர் இல்லை, ஹீலியம் வாயு. விஷயமே இங்கேதான் இருக்கிறது. கூடங்குளத்தில் உள்ளது போன்ற உலையில் தண்ணீர் சுமார் 320 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் வெளியே வரும். மின்சாரம் எடுக்க அது போதும், ஹைட்ரஜன் எடுக்கப் போதாது. இன்று உலகில் பெரும்பாலான ஹைட்ரஜன், இயற்கை எரிவாயுவையும் நீராவியையும் 800 டிகிரிக்கு மேல் சூடாக்கித்தான் கிடைக்கிறது. அந்தச் சூட்டுக்காகவே எரிவாயுவில் ஒரு பகுதியை எரிக்கிறார்கள், கரியமில வாயு வெளியாகிறது. எரிவாயுவே இல்லாமல், கந்தகம், அயோடின் உதவியோடு தண்ணீரை மட்டும் பிரிக்கும் முறைக்கும் 850 டிகிரி அளவுக்கு வெப்பம் தேவை.

ஜெர்மனியின் யூலிஷ் நகரில் ஷுல்டன் வடிவமைத்த ஏ.வி.ஆர். உலை 1966-ல் இயங்கத் தொடங்கியது. மின் உற்பத்தி வெறும் 15 மெகாவாட். ஆனால் 1974-ல் அதிலிருந்து வெளிவந்த ஹீலியத்தின் வெப்பம் 950 டிகிரி! குளிர்விக்கும் விசிறிகளை வேண்டுமென்றே நிறுத்திய சோதனையில், உலை தானாகவே அடங்கியது. சூடு ஏற ஏற அணுப்பிளவு குறையும், கிராஃபைட் உருகாது என்பதே அதற்குக் காரணம்.

ஏவாளும் ஆதாமும்

1964-லிருந்து ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், யூலிஷ் ஆய்வு மையத்தில் இயக்குநர். மின்சாரத்தைவிட வெப்பம்தான் பெரிய சந்தை என்பது ஷுல்டனின் கணக்கு. எஃகு ஆலை, உர ஆலை, வீட்டைச் சூடாக்குவது எல்லாத்துக்கும் வெப்பம்தானே வேண்டும்?

அப்படி வந்தவைதான் ஈவா, ஆடம் என்ற சோதனை ஆலைகள். நம்ம ஏவாள், ஆதாமேதான். ஈவாவில் ஹீலியத்தின் சூட்டில் மீத்தேனும் நீராவியும் சேர்ந்து ஹைட்ரஜனாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் மாறும். குழாய் வழியே அவற்றை ஆடமுக்கு அனுப்பினால், அங்கே மீண்டும் சேர்ந்து மீத்தேனாகி வெப்பத்தை வெளியிடும். வேதியியல் அருமையாக வேலை செய்தது. ஆனால் ஈவாவில் ஹீலியத்தைச் சூடாக்கியது மின்சாரம், அணு உலை இல்லை. ஏ.வி.ஆர். உலையில் சூடு இருந்தது, ஹைட்ரஜன் ஆலை இணைக்கப்படவே இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை.

சறுக்கியது எங்கே?

1978-ல் நீராவிக் கலன் கசிந்து சுமார் 27 டன் தண்ணீர் ஏ.வி.ஆருக்குள் புகுந்தது. 1986-ல் வெப்பத்தை அளக்கக் கம்பி வைத்த உருண்டைகளை உள்ளே அனுப்பிப் பார்த்தபோது, 1,280 டிகிரியில் உருகும் கம்பிகூட உருகியிருந்தது. கணக்கில் வந்ததைவிட உலை எவ்வளவோ அதிகம் கொதித்திருக்கிறது. உருண்டைகளிலிருந்து கசிந்த சீசியமும் ஸ்ட்ரான்ஷியமும் உள்ளே படிந்துபோயிருந்தன.

ஹாம் நகருக்கு அருகே கட்டிய 300 மெகாவாட் தோரியம் உலையின் கதை இன்னும் மோசம். 1986 மே மாதம், செர்னோபில் விபத்து நடந்த சில நாட்களில், அங்கிருந்தும் கதிரியக்கத் தூசு வெளியேறியது. ஏற்கெனவே பயந்துபோயிருந்த மக்கள் கொதித்தார்கள். முழுத்திறனில் கணக்கிட்டால் வெறும் 423 நாட்கள் ஓடிய அந்த உலை 1989-ல் மூடப்பட்டது. ஏ.வி.ஆர். அதற்கு முந்தைய வருஷக் கடைசியிலேயே நின்றுவிட்டது.

ஷுல்டன் 1996 ஏப்ரலில், 72 வயதில் காலமானார். பாதுகாப்பான உலை என்ற நம்பிக்கைதான் அவரது பலம். அந்த நம்பிக்கையே யூலிஷ் குழுவைக் கொஞ்சம் அசட்டையாகவும் ஆக்கிவிட்டது. ஏ.வி.ஆர். இயக்கத்தில் நடந்த குறைகளை 2014-ல் ஒரு நிபுணர் குழு அறிக்கை பட்டியலிட்டது. 2,000 டன்னுக்கும் அதிக எடையுள்ள உலைக்கலனுக்குள் கான்கிரீட் ஊற்றி, 2015-ல் பக்கத்துக் கிடங்குக்கு நகர்த்தினார்கள்.

உருண்டைகள் மட்டும் நிற்கவில்லை. ஆஹனில் ஆராய்ச்சி செய்து திரும்பிய வாங் தாசோங், சீனாவில் இந்தத் தொழில்நுட்பத்தை வளர்த்தார். ஷான்டோங் மாகாணத்தின் ஷிதாவ் விரிகுடாவில் 2023 டிசம்பரில் வணிக இயக்கத்துக்கு வந்த உலை இதே வகைதான். அங்கே வெப்பம் 750 டிகிரி. ஜப்பானின் ஓஆராய் ஆய்வு உலையில் உருண்டைகள் இல்லை, ஆனால் அதே கிராஃபைட், அதே ஹீலியம். 2004-ல் அதுவும் 950 டிகிரியைத் தொட்டது. ஏ.வி.ஆரில் நடக்காமல் போன அந்த இணைப்பை, ஹைட்ரஜன் ஆலையை நேரடியாக உலையோடு சேர்ப்பதை, செய்து பார்ப்பதுதான் ஜப்பான் விஞ்ஞானிகளின் அடுத்த திட்டம்.