ஏசுநாதரின் போதனைகளும் ராஜா ராம்மோகன் ராயும்

பெங்களூரு நகரின் முக்கியச் சாலைகளுள் ஒன்று ராஜா ராம்மோகன் ராயின் பெயரைத் தாங்கியுள்ளது. உடன்கட்டை ஏறும் கொடிய வழக்கத்தை எதிர்த்துப் போராடியவர் என்று நாடு அவரை அறியும். பைபிளில் முரண்பாடுகளாகத் தோன்றுபவற்றிற்கு விடை காண அவர் பல ஆண்டுகள் உழைத்ததை அறிந்தவர்கள் சிலரே.

வங்காளத்தில் ராதாநகர் என்ற கிராமத்தில், 1772-ஆம் ஆண்டு பிராமணக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பாரசீகமும் அரபு மொழியும் சமஸ்கிருதமும் கற்றார். இறைவன் ஒருவனே என்ற உறுதி அவருள் வேரூன்றியது. பின்னர் கல்கத்தாவில் குடியேறி, உபநிஷதங்கள் சிலவற்றை வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்தார். அதே சிரத்தையுடன் பைபிளையும் ஆராய்ந்தார். அதை மூலமொழிகளிலேயே படிப்பதற்காக ஹீப்ருவும் கிரேக்கமும் பயின்றார்.

ஏசுநாதரின் அறவுரைகள் அவரது உள்ளத்தை ஆட்கொண்டன. ஆனால் சுவிசேஷங்களில் வரும் வரலாற்றுச் செய்திகளும் அற்புதங்களும் ஐயத்திற்கும் வாதத்திற்கும் இடம் தருவதை அவர் கண்டார். அந்த வாதங்களால் அறவுரைகளின் பயனை மக்கள் இழந்துவிடக் கூடாது என்று கருதி, 1820-இல் அவற்றை மட்டும் தொகுத்து நூலாக வெளியிட்டார்.

ஸ்ரீராம்பூர் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜோஷுவா மார்ஷ்மன் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஏசுநாதரின் சிலுவைத் தியாகத்தால் கிடைக்கும் மீட்பை விலக்கினால், கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படையே தகர்ந்துவிடும் என்பது அவரது வாதம். இதற்கு ராய் 1820 முதல் 1823 வரை மூன்று மறுப்பு நூல்கள் எழுதினார்.

தந்தை தம்மைவிடப் பெரியவர் என்று ஓரிடத்தில் ஏசுநாதர் கூறுகிறார். தாமும் தந்தையும் ஒன்றே என்று மற்றோரிடத்தில் கூறுகிறார். இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்? தம் சீடர்களும் அதுபோலவே ஒன்றாயிருக்க வேண்டும் என்று ஏசுநாதர் பிரார்த்தித்ததை ராய் சுட்டிக்காட்டினார். சீடர்கள் பலரும் ஒரே ஆளாகிவிட முடியாது. ஆகவே அங்கே கூறப்படுவது சித்தத்தின் ஒருமையே என்று விளக்கினார். பைபிளின் ஒரு பகுதிக்கு மற்றொரு பகுதியைக் கொண்டே பொருள் காண்பது அவரது முறையாக இருந்தது.

சுவிசேஷங்களை வங்காளத்தில் மொழிபெயர்க்கும் பணியில் பாதிரியார் வில்லியம் ஆதாமும் அவருடன் ஈடுபட்டார். யோவான் சுவிசேஷத்தின் தொடக்கத்தில் வரும் ஒரு சிறிய கிரேக்கச் சொல்லுக்கு 'அவரால்' என்பதா, 'அவர் மூலமாக' என்பதா பொருள் என்ற விவாதம் எழுந்தது. இறுதியில் 1821-இல் ஆதாம், கடவுள் மூவரல்லர், ஒருவரே என்னும் யூனிடேரியன் கொள்கையை ஏற்றார். ஆதாம் மீண்டும் வீழ்ந்தார் என்று பலர் எள்ளி நகையாடினர்.

ராயின் மூன்றாவது மறுப்பு நூலை அச்சிட பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் மறுத்துவிட்டது. அவர் மனம் தளராமல் சொந்தமாக அச்சகம் நிறுவி அதனை வெளியிட்டார். பாதிரிமார்கள் ஒருபுறமும் வைதிகர்கள் மறுபுறமும் பகைத்தபோதும், அவர் ஏசுநாதரிடம் கொண்ட மதிப்பும் குறையவில்லை. உபநிஷதங்களில் கொண்ட பற்றும் குறையவில்லை. 1828-இல் பிரம்ம சபையைத் தொடங்கினார். 1833 செப்டம்பர் 27 அன்று இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் காலமானார். அப்போதும் அவரது மார்பில் பூணூல் இருந்தது.

சாஸ்திரத்தில் முரண்பாடு தோன்றும்போது சிலர் நம்பிக்கையைக் கைவிடுகின்றனர். சிலர் சிந்திப்பதைக் கைவிடுகின்றனர். ராய் இவ்விரண்டையும் செய்யவில்லை. தெளிவாக உள்ள அறநெறியை வாழ்வில் கடைப்பிடித்தவாறே, தெளிவற்றதைப் பொறுமையுடன் ஆராய்ந்தார். எந்தச் சமயத்தைச் சேர்ந்த சாதகருக்கும் பயன் தரும் வழி இது.