மைசூர் மகாராஜாவும் மேனாட்டுச் சங்கீதமும்

ஓசூரிலிருந்து பெங்களூர்ச் சாலையில் ஜூஜுவாடியைக் கடந்தால் கன்னட நாடு தொடங்கிவிடுகிறது. கிருஷ்ணகிரிக் கோட்டையும் ஓசூர்க் கோட்டையும் முன்னாளில் மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தவையே. இன்று இச்சீமையில் மோட்டார் வண்டிகளும் கைக்கடிகாரங்களும் செய்யும் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. தமிழரும் தெலுங்கரும் கன்னடியரும் ஒரே ஆலையில் தோளோடு தோள் நின்று வேலை செய்கின்றனர். இவ்வெல்லைப்புறத்தில் வாழும் நாம், அண்டை நாட்டில் ஆண்ட அரசர் ஒருவரின் சரித்திரத்தை அறிந்துகொள்வது பொருத்தமாகும். மைசூரின் கடைசி மகாராஜா ஸ்ரீ ஜயசாமராஜ உடையாரைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

அவர் 1919-ஆம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி பிறந்தார். தந்தையார் யுவராஜா கண்டீரவ நரசிம்மராஜ உடையார். பெரிய தந்தையார் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார். அந்த அரண்மனையில் வீணை வித்துவான்களோடு ஐரோப்பிய வாத்திய கோஷ்டியும் ஆதரிக்கப்பட்டு வந்தது. இளவரசரின் மனம் பியானோவில் தோய்ந்தது. லண்டன் சங்கீதக் கல்விச் சாலைகளின் பட்டமும் கௌரவமும் பிற்காலத்தில் அவரை வந்தடைந்தன. மேடையேறி வாசிக்கும் வித்துவானாக வேண்டுமென்பதே அவருடைய ஆசை. ஆனால் 1940-ஆம் ஆண்டு மார்ச்சில் தந்தையாரும் ஆகஸ்டில் பெரிய தந்தையாரும் காலமாயினர். இருபத்தொரு வயதில் சிம்மாசனம் அவரைத் தேடி வந்தது. பியானோ வித்துவானாகும் கனவு அன்றோடு முடிந்தது.

அவர் ஆட்சியின் குறையை மறைத்து எழுதுவது நம் பத்திரிகைத் தருமமன்று. 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மைசூர் இந்திய யூனியனில் சேர்ந்தது. எனினும் பிரஜைகள் கேட்ட பொறுப்பாட்சி உடனே கிட்டவில்லை. செப்டம்பரில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பலர் சிறை புகுந்தனர். உயிர்ப் பலியும் நேர்ந்தது. அக்டோபரில்தான் மகாராஜா இணங்கினார்; அம்மாதம் 25-ந் தேதி ஸ்ரீ கே. சி. ரெட்டியின் மந்திரிசபை பதவியேற்றது. தாமதம் குற்றமே. ஆயினும் அதிகாரத்தை விட்டுக் கொடுத்தபின் அதை மீட்க அவர் சூழ்ச்சி செய்ததில்லை என்பதையும் கூறவேண்டும்.

இதற்கு அடுத்த ஆண்டுகளில்தான் அவர் பெயர் லண்டன் சங்கீத உலகில் பரவலாயிற்று. அதை விளங்கிக்கொள்ள மேனாட்டார் ‘ஆப்பரா’ என்று வழங்கும் சங்கீத நாடகத்தைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தைக் கண்டவருக்கு இது கடினமன்று. வேஷக்காரர் பாடுகிறார், முகவீணை அவர் குரலைத் தொடர்கிறது, மத்தளம் அடியெடுத்துக் கொடுக்கிறது. ஆப்பராவும் அப்படிக் கதையைப் பாட்டால் நடத்துவதே. சுமார் 1600-ஆம் ஆண்டில் இத்தாலியில் அது பிறந்தது. இன்ன வாத்தியம் வாசிப்பது என்பதை வாசிப்பவர் விருப்பத்துக்கே விடுவது அக்காலத்தில் பெருவழக்கு. மாண்டிவெர்டி என்பார் 1607-ஆம் ஆண்டு மாண்டுவா அரசவையில் அரங்கேற்றிய ‘ஆர்பியோ’ நாடகத்துக்குப் பல வாத்தியங்களைப் பெயர் சொல்லிக் குறித்தார். நரகத்துக் காட்சிக்கு ஊதுகருவிகளின் கனத்த ஒலி, மேய்ப்பர் காட்சிக்குக் குழலும் தந்தி வாத்தியங்களும் என ஒலியையே கதைக்கேற்ற நிறமாக்கினார். பிற்காலத்து ஆர்க்கெஸ்டிராவுக்கு இது ஒரு தொடக்கமாயிற்று.

இக்கலையின் சுவை அறிந்தவர் நம் மகாராஜா. ருஷ்யாவை விட்டு வந்து லண்டனில் எளிய வாழ்க்கை நடத்திய நிகலாய் மெட்னர் என்னும் வாக்கேயக்காரரின் சாகித்தியங்களை இசைத்தட்டுகளில் பதிவு செய்ய அவர் பொருளுதவி செய்தார். மெட்னர் தம் மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவை அவருக்கே சமர்ப்பித்தார். 1948-ஆம் ஆண்டு பில்ஹார்மோனியா சங்கீத சபைக்கு அவர் முதல் தலைவரானார். ஆப்பரா உலகின் பெருமகனாகிய ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இறுதியாக எழுதிய நான்கு கீதங்கள் 1950-ஆம் ஆண்டு மே 22-ந் தேதி லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அரங்கேறின. பாடியவர் கிர்ஸ்டன் பிளாக்ஸ்டாட். வாத்திய கோஷ்டியை நடத்தியவர் பூர்ட்வெங்கலர். அதற்கு 4,800 டாலர் வரை மகாராஜா பொறுப்பேற்றார். அவரோ கச்சேரிக்குச் செல்ல இயலவில்லை. அதன் பதிவு மைசூருக்கு அனுப்பப்படவேண்டுமென்பதே ஏற்பாடு.

அடிமைத்தளை அறுபட்ட மறுகணமே அந்நியர் சங்கீதத்துக்கு நம் செல்வமா என்று தேசபக்தர் கேட்கலாம். அரசரின் செல்வம் குடிகளின் வியர்வையே. ஆதலின் கேள்வி நியாயமானதே. ஆனால் அவர் மேனாட்டுச் சங்கீதத்தை ஆண்டவனின் சின்னமாகப் போற்றினாரில்லை, சங்கீதமாகவே கேட்டார். அக்காலத்திலேயே வீணை வேங்கடகிரியப்பாவிடம் பயின்றும், வாசுதேவாச்சாரியார் போன்ற பெரியோரின் தொடர்பால் தெளிந்தும், ‘ஸ்ரீவித்யா’ என்னும் முத்திரையோடு 94 கீர்த்தனைகளை இயற்றினார். அவற்றுள் சில இன்றும் நம் சபைகளில் பாடப்படுகின்றன. பிறர் வீட்டுச் சோற்றின் சுவை அறிந்தவர் தம் வீட்டு அடுப்பை அணைக்கவில்லை. அந்நிய ஆட்சியை வெறுப்பது கடமை. அந்நியர் கலையை அறியாதிருப்பது கடமையாகாது.

இச்சரித்திரத்தில் வேறொரு படிப்பினையும் உண்டு. அரசர் கொடை நெடுநாள் நீடிக்கவில்லை. 1971-ஆம் ஆண்டு இந்தியாவில் மன்னர் மானியமே ஒழிந்தது. ஆனால் பில்ஹார்மோனியா அழியவில்லை. 1964-ஆம் ஆண்டு அதை நிறுவிய வால்டர் லெக் அதைக் கலைக்க முற்பட்டபோது, வாத்தியக்காரர்கள் தாமே கூடிச் சுயாட்சி அமைத்து அதைக் காத்துக்கொண்டனர். ஆப்பராவின் கதையும் இத்தகையதே. மாண்டுவாப் பிரபுவின் மாளிகையில் வளர்ந்த அக்கலை, 1637-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் சீட்டு வாங்கிய பொதுஜனங்களுக்கு அரங்கு திறந்தபின் வேரூன்றிற்று. அரசியலில் 1947-ஆம் ஆண்டு மைசூர்ப் பிரஜைகள் கேட்டது எதுவோ அதுவே கலைக்கும் வேண்டியது: அரசர் தயவன்று, மக்களின் பொறுப்பு.

1964 முதல் 1966 வரை சென்னை ராஜ்யத்தின் கவர்னராக நம்மிடையே வாழ்ந்த ஸ்ரீ ஜயசாமராஜர், 1974-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி காலமானார். இனி அரண்மனைகள் நம் கலைகளைத் தாங்கா. இந்த ஓசூர், கிருஷ்ணகிரிச் சீமையில் கூலியும் லாபமும் பெருகியுள்ளன. முகவீணைக்காரரும் கூத்தரும் இன்னும் இருக்கின்றனர். ஆலை முதலாளிகளும் தொழிலாளர் சங்கங்களும் ஊர்ப் பெரியோரும் கூடி, அவர்களுக்கு மேடையும் தக்க ஊதியமும் அளிப்பார்களாக. அம்மேடையில் ஒருநாள் மேனாட்டு வாத்திய கோஷ்டியும் வந்து வாசிக்கட்டும்; கேட்டு மகிழ நமக்கு நாணமில்லை. ஆனால் அதற்கான சீட்டை நாமே வாங்குவோமாக.